வீடியோ பார்க்கும்போது வருகிற வேகம் விடிந்ததும் போய்விடுகிறது

கேள்வி: அக்கா, எனக்குத் திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 33, பி.காம். படித்திருக்கிறேன். கணவருக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருஷமாக வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்துத் தெருவிலும் கணவர் கம்பெனியிலும் கொடுக்கிறேன். மாதம் 40 கிலோ போகிறது. சாமான் செலவு கிலோவுக்கு 250 ரூபாய் ஆகும், 400-க்குக் கொடுக்கிறேன். ஆனாலும் கையில் எதுவும் நிற்கவில்லை. பாக்கி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ராத்திரி தொழிலதிபர்கள் பேசும் வீடியோக்களைப் பார்க்கும்போது வேகம் வருகிறது, விடிந்தால் போய்விடுகிறது. போன மாதம் மதுரையில் ஓர் ஓட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு 6,000 ரூபாய் கட்டிப் போனேன். 'பெரிசா கனவு காணுங்க' என்றார்கள், எப்படி என்று சொல்லவில்லை. மாமனார் முன்பு மளிகைக்கடை வைத்து நஷ்டப்பட்டவர். அதனால் 'நமக்கு வியாபாரம் ராசியில்லை' என்கிறார் அத்தை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தால்தான் தொழில் புத்தி வருமா? வழிகாட்ட யாரைத் தேடுவது?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

யாரும் சொல்லித்தராமல், கடன் வாங்காமல், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷமாக மாதாமாதம் 40 கிலோ பொடி வறுத்து அரைத்து விற்றிருக்கிறீர்கள், வாங்கினவர்களே திரும்பவும் வாங்குகிறார்கள். தொழில் புத்தி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்த காலத்தில், பைண்டு போட்ட திட்ட அறிக்கையோடு வருகிறவர்களிடம் 'முதல் பத்து பேர் யார் வாங்குவாங்க, பேர் சொல்லுங்க' என்று கேட்பேன். பாதிப் பேர் அறிக்கையைப் புரட்டுவார்கள். உங்களிடம் அந்தப் பத்து பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு வாசல் எது என்றும் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட வரி வேறு. 'கையில் எதுவும் நிற்கவில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பாக்கி கேட்கக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும், விஷயம் தெரிந்துவிடும். வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

400-க்கு விற்கிறீர்கள், சாமான் 250. கிலோவுக்கு 150 ரூபாய், 40 கிலோவுக்கு 6,000 நிற்கவேண்டும் என்று மனசில் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்த 250-ல் கேஸ் இருக்கிறதா? மில்லுக்குக் கொடுக்கிற அரவைக் கூலி, கவர், சாமான் வாங்க மதுரைக்குப் போய்வரும் பஸ் காசு, வறுக்கும்போது குறைகிற எடை, மில்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாவு, 'டேஸ்ட் பாருங்க' என்று கொடுத்த பொட்டலங்கள்? குறைத்துப் போட்டாலும் கிலோவுக்கு 40 ரூபாய் வரும். அப்போது மிச்சம் 110, நாற்பது கிலோவுக்கு 4,400. இதில் மாதம் 10 கிலோவுக்குப் பணம் வராமல் நின்றுவிட்டால் 4,000 போச்சு. மிச்சம் 400 ரூபாய்! அந்தப் பத்து கிலோ என்பது என் ஊகம்தான், உங்கள் நிலவரம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் கூச்சம் என்று நீங்களே சொல்லியிருப்பதால் ரொம்பத் தள்ளி இருக்காது. இதில் உங்கள் உழைப்புக்கு இன்னும் ஒரு பைசா போடவில்லை. உங்கள் ஊரில் களை எடுக்கப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி என்ன என்று உங்களுக்குத் தெரியும். மாதத்தில் எத்தனை மணி நேரம் அடுப்புக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று எழுதி வைத்து, அந்தக் கூலியில் பாதியையாவது செலவில் சேர்த்துப் பாருங்கள்.

விடிந்ததும் வேகம் போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ராத்திரி பார்க்கிற வீடியோவில் இருக்கிறவருக்குக் கோடிக்கணக்கில் முதலீடு வருகிறது, காலையில் உங்களுக்கு இருக்கிற வேலையோ எதிர்வீட்டு அக்காவிடம் 800 ரூபாய் பாக்கி கேட்பது. அந்த வீடியோ எதுவும் இதற்கு உதவாது. அதனால்தான் காலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாக்கி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டிலிருந்து தொழில் பண்ணுகிற பெண்கள் பாதிப் பேர் இங்கேதான் கவிழ்கிறார்கள். நம் பக்கத்தில் கடன் கொடுப்பது ஓர் உறவு. 'சம்பளம் வந்ததும் தர்றேன்மா' என்று சொல்கிறவரிடம் முடியாது என்று சொன்னால் மனஸ்தாபம் வரும், நாளைக்கு விசேஷ வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்ற பயம் உங்களுக்கு இருப்பது நியாயம்தான். ஆனால் மதுரை கீழமாசி வீதியில் மொத்த மளிகைக்கடைகளைக் கவனியுங்கள், அவர்களும் கடன் கொடுத்துத்தான் யாவாரம் பண்ணுகிறார்கள், கடன் இல்லாமல் அந்த வீதியே நடக்காது. அவர்களிடம் நோட்டு இருக்கும், அதில் தேதி இருக்கும், பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கு வண்டியில் ஏறாது. அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் கோபமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. நீங்களும் ஒரு சின்ன நோட்டு போடுங்கள், பொடி கொடுக்கும்போதே அவர் கண் முன்னால் எழுதுங்கள், 'எந்தத் தேதி போட்டுக்கட்டும்க்கா?' என்று கேட்டு அவர் வாயாலேயே தேதியை வாங்குங்கள். அந்தத் தேதியில் போய் நின்று 'அக்கா, சாமான் வாங்கக் கிளம்பிட்டேன், இன்னைக்குத் தேதி போட்டிருந்தோம்ல' என்றால் போதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம். முதல் தடவை தொண்டை அடைக்கும். அப்புறம் பழகிவிடும். கணவர் கம்பெனியில் அவரையே வசூல் பண்ணச் சொல்லாதீர்கள், கூட வேலை பார்க்கிறவர்களிடம் அவருக்குச் சங்கடம். அங்கே மட்டும் போனில் பணம் வந்தபிறகு மறுநாள் பொடி போகும் என்று மாற்றிவிடுங்கள். ஒரு வாரம் முணுமுணுப்பு இருக்கும், நாலைந்து பேர் நின்றும் போவார்கள், போகட்டும்.

இன்னொன்று, வீட்டுக் காசும் பொடிக் காசும் ஒரே பர்ஸில் இருக்கிறதா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பொடி விற்ற காசில் பால்காரருக்குக் கொடுப்பது, வீட்டுக் காசில் உளுந்து வாங்குவது. இன்றைக்கே தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, அதை உங்கள் போன் எண்ணோடு இணைத்து, பொடிப் பணம் அதற்குள் மட்டும் வரட்டும், சாமான் செலவு அதிலிருந்து மட்டும் போகட்டும். வீட்டுக்கு வேண்டுமென்றால் மாதம் ஒரு தடவை உங்கள் சம்பளம் என்று ஒரு தொகையை எடுங்கள். ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் சரி, சம்பளம் என்று எழுதி எடுங்கள்.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தால்தான் வருமா என்று கேட்டீர்கள். அவர்களுக்கு ஒரு வசதி இருப்பது உண்மை, அதை மறைக்கமாட்டேன். பத்து வயசிலேயே கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அப்பா பேசுவதைக் கேட்டு வளர்கிறார்கள். பிறப்பில் வருவது எதுவும் இல்லை, அத்தனையும் பக்கத்தில் இருந்து கேட்டது. நம்ம செட்டிநாட்டு நகரத்தார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், வசதியான வீட்டுப் பையனைக்கூட இன்னொருவர் கடைக்குப் பெட்டியடிப் பையனாக அனுப்புவார்கள். கணக்கு எழுதி, எடுபிடி வேலை செய்து, அங்கிருந்து உதவி நிலையில் அடுத்தாள், அதற்கப்புறம் கடையை நடத்துகிற மேலாள் என்று படிப்படியாக ஏறி, பேரேடும் ஐந்தொகையும் (வரவு செலவுக் கணக்கும் இருப்புக் கணக்கும்) கைக்குப் பழகின பிறகுதான் தனிக்கடை பற்றிய பேச்சே வரும். சொந்த வீட்டில் அவ்வளவு பணம் இருந்தும் அடுத்தவர் பெட்டியடியில் உட்கார வைத்தார்கள் என்றால், அந்தப் பயிற்சியை எவ்வளவு முக்கியமாக நினைத்திருப்பார்கள் என்று பாருங்கள்.

33 வயசில் உங்களுக்கு அந்தப் பெட்டியடி எங்கே கிடைக்கும்? உங்கள் ஊரில் பொடி விற்கிற இன்னொருவரிடம் போகாதீர்கள், அவர் சொல்லமாட்டார், சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. திண்டுக்கல்லிலோ விருதுநகரிலோ ராஜபாளையத்திலோ இதே தொழிலை உங்களைவிட நாலைந்து வருஷம் முன்னால் தொடங்கி, இப்போது மாதம் 300, 400 கிலோ போடுகிற ஒருவரைத் தேடுங்கள். நீங்கள் அவர் வாடிக்கையாளரைப் பிடிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும், அதனால் மனசு திறந்து பேசுவார். போய் 'அட்வைஸ் சொல்லுங்க' என்று கேட்டால் 'நல்லா உழைங்க, நேர்மையா இருங்க' என்றுதான் பதில் வரும், அதற்கு திண்டுக்கல் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. போன வருஷம் எந்த மாதம் ரொம்பப் படுத்துச்சு, அப்போது சாமான் வாங்கக் காசுக்கு என்ன பண்ணீங்க, உளுந்து விலை ஏறினபோது பொடி விலையை ஏத்தினீங்களா, பாக்கெட்டில் எடையைக் குறைச்சீங்களா, மழைக்காலத்தில் பொடி கட்டி தட்டாமல் எப்படி வைக்கிறீங்க, முதல் ஆளை வேலைக்கு வைத்தது எத்தனை கிலோ போனபோது, இப்படிக் கேளுங்கள். முடிந்தால் ஒரு வாரம் கூட நின்று பாக்கெட் போட்டுக் கொடுங்கள், சம்பளம் கேட்காதீர்கள். பெரிய பெயர் எடுத்த தொழிலதிபர் உங்களுக்கு இப்போது வழிகாட்ட முடியாது. 40 கிலோவில் இருக்கிற சிக்கல் அவருக்கு மறந்தே போயிருக்கும்.

இன்னொருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், உங்கள் அத்தை. 'ராசியில்லை' என்ற வார்த்தையைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மளிகைக்கடை தொடங்கி, நடந்து, மூடினதை முழுசாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர், அந்த நஷ்டத்தில் அவர் நகைகூட போயிருக்கலாம். ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து, 'அத்தை, மாமா கடையை ஏன் மூடும்படி ஆச்சு?' என்று எதிர்த்துப் பேசுகிற தொனியே இல்லாமல் கேளுங்கள். கடன் நோட்டில் எவ்வளவு நின்றது, கந்துவட்டிக்கு வாங்கினார்களா, பங்காளிக்கு ஜாமீன் போட்டார்களா, கடைச் சரக்கையே வீட்டுக்கும் எடுத்தார்களா? நான் பார்த்த அளவில் கிராமத்து மளிகைக்கடைகள் பல கடன் நோட்டிலேயே முடிந்திருக்கின்றன. உங்கள் மாமனார் கதையும் அப்படி இருந்தால், அவரை விழத்தட்டியது எதுவோ அதுதான் இப்போது உங்கள் பொடியையும் அரித்துக்கொண்டிருக்கிறது. அத்தைக்கும் அது புரிந்தால், அடுத்த மாதம் பாக்கி வசூலுக்கு உங்களைவிடக் கறாராக அவரே கிளம்புவார்.

சரி, ஊக்கத்துக்கு யாரை நினைப்பது? நம்ம மதுரையிலேயே இருக்கிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கில் கண் அறுவை செய்தவர். அரசு வேலையிலிருந்து 58 வயசில் ஓய்வு பெற்று 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார், வீட்டை அடமானம் வைத்தார், உடன்பிறந்தவர்கள் நகையைக் கொடுத்தார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவர் கனவைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் அவர் கணக்கைப் பாருங்கள். காசு கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யவேண்டும் என்றால், ஒரு அறுவைக்கு என்ன செலவு, எந்த இடத்தில் நேரம் வீணாகிறது, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலையை யார் செய்யலாம் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் குறைத்தால்தான் முடியும். வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்ததால்தான் 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். அந்த இரக்கம் அத்தனை வருஷம் நிலைத்தது செலவுக் கணக்கை விடாமல் பார்த்ததால்.

அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் சின்னப்பிள்ளை அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகாதவர், வயல் கூலிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போய், ஆட்களுக்கு என்ன கூலி என்று நிலக்காரர்களிடம் நேருக்கு நேர் பேசி முடித்தவர். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களில் பெண்களை மாதாமாதம் சின்னச் சின்னத் தொகையாகச் சேர்க்க வைத்து, கந்துவட்டியிலிருந்து வெளியே கொண்டுவந்தார். பிரதமராக இருந்த வாஜ்பாய் விருது கொடுத்த மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கூலியை வாய்விட்டுக் கேட்டதில் தொடங்கியவர் அவர். நீங்கள் எதிர்வீட்டில் போய் 800 ரூபாய் கேட்க நிற்கும்போது உங்களுக்கு வேண்டிய துணிச்சல் அதுதான்.

வீடியோவே பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ரூபாய் பைசாவில் பேசுகிறவர்களை மட்டும் பாருங்கள். என்ன விலைக்கு வாங்கினேன், என்ன விலைக்கு விற்றேன், எங்கே மாட்டினேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்றதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் பத்து நிமிஷம் நோட்டு எழுதுங்கள். ஓட்டல் பயிற்சிக்குக் கட்டின 6,000 ரூபாய் நீங்கள் 15 கிலோ பொடி விற்ற பணம், அது போனது போனதாக இருக்கட்டும். இனிமேல் யாராவது பயிற்சி என்று கூப்பிட்டால், அவருக்கு வருமானம் தொழிலில் வருகிறதா, பயிற்சிக் கட்டணத்தில் வருகிறதா என்று விசாரியுங்கள். இரண்டாவது என்றால் போகாதீர்கள்.

காசு வாங்காமல் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். வங்கிகள் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு, முடித்தபிறகும் இரண்டு வருஷம் உங்களைத் தொடர்ந்து விசாரித்து உதவுவது அவர்கள் வேலை. பொடி எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், எந்தக் கவர் நல்லது என்ற கேள்விகளுக்கு ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற சமுதாய அறிவியல் கல்லூரிதான் சரியான இடம். அதே வேளாண்மைக் கல்லூரியில் நபார்டு வங்கி உதவியோடு நடக்கிற வேளாண் தொழில் காப்பகமும் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) இருக்கிறது, நீங்கள் இன்னும் கொஞ்சம் வளர்ந்தபிறகு அங்கே போகலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எடுத்தீர்களா? வீட்டில் செய்தாலும் அது வேண்டும், 14 இலக்க எண் கவரில் இருக்கவேண்டும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு அரசு இணையதளத்தில் முழுக்க இலவசம், 'எடுத்துத் தர்றேன், 2,000 குடுங்க' என்று வருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். பி.காம். படித்திருக்கிறீர்கள், நீங்களே அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம்.

கடன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஆசை காட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன். சிறுதொழிலுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிகள் கொடுக்கிற முத்ரா கடனில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும், மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களும் இருக்கின்றன. எல்லாம் நல்ல திட்டங்கள்தான், ஆனால் இப்போது வாங்காதீர்கள். 40 கிலோவில் தங்காத காசு 400 கிலோவிலும் தங்காது, அதற்கு மேல் மாதத் தவணை வேறு சேரும். சூப்பர் மார்க்கெட்டுக்கும் இப்போது போக வேண்டாம். கடைக்காரர் 20 சதவீதமாவது மார்ஜின் கேட்பார், 400-ல் 80 ரூபாய் அங்கேயே போய்விடும், உங்கள் 110-ல் மிஞ்சுவது 30. பணமும் ஒரு மாதம் கழித்துத்தான் வரும். அதைவிட 100 கிராம் பாக்கெட் போட்டு 50 ரூபாய்க்குக் கொடுத்துப் பாருங்கள், கிலோ 500 ஆகிறது, வாங்குகிறவருக்குப் பாரமாகத் தெரியாது, கடனும் சொல்லமாட்டார்கள். கப்பலூரில் ரூம் எடுத்துத் தங்கி ஷிப்ட் வேலை பார்க்கிற பையன்கள், ஜூன் மாதம் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டுகிற பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் சின்ன பாக்கெட்தான் தோது.

மூன்று மாதம் நோட்டு எழுதிவிட்டு, அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்தப் பொடிக்கு விலை ஏற்றலாம், எதை நிறுத்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். மூன்று பொடியையும் ஒரே 400-க்கு விற்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. கறிவேப்பிலைப் பொடியில் நஷ்டம் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். நாளைக்கு இலை வாங்கினால், உருவும்போது ஒரு தடவை, காய்ந்தபிறகு ஒரு தடவை எடை போட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா